சித்தப்பாவின் வெல்வெட் தொப்பி

ரவுண்ட் ராக்கில் எங்கள் தெருவிலேயே கம்ப்யூட்டர் வேலை பார்க்காத ஒரே ஆண் என் சித்தப்பாதான். அயர்லாந்துக்காரர். டப்ளினில் நர்ஸாக இருந்த சித்தி, முழங்கால் உடைந்து வார்டுக்கு வந்தவரைக் கல்யாணம் செய்துகொண்டு டெக்சஸுக்கே கூட்டி வந்துவிட்டாள். மாட்டுப் பண்ணையில் வளர்ந்தவர், தன் நாட்டு அணிக்காக ரக்பி ஆடியவர். இங்கே வீடு வீடாகப் போய் ஏசி ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். அவருக்கு வந்த கொஞ்சம் தமிழும் சித்தியின் கோவைத் தமிழ்.

நாட்டுக்காக ஆடியதற்குக் கொடுத்த தொப்பி அவர் வீட்டு அலமாரியில் இருந்தது. பச்சை வெல்வெட், வெள்ளிக் குஞ்சம். எனக்கு எட்டு வயது. வீட்டிலிருந்து ஒரு பொருளைக் கொண்டுவந்து அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள் பள்ளியில். போன முறை நான் கொண்டுபோன குத்துவிளக்கை யாரும் சட்டை செய்யவில்லை. அதனால் யாரையும் கேட்காமல் தொப்பியை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

வகுப்பில் எனக்கு ஒரே மரியாதை. இடைவேளையில் எல்லாரும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்ததில் தொப்பி சேற்றில் விழுந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மா செய்வதைப் போலவே வாஷிங் மெஷினில் போட்டு, ட்ரையரிலும் போட்டேன். வெளியே வந்தது என் பொம்மைக்குத்தான் பொருந்தும்.

அழுதுகொண்டே எடுத்துப் போனேன். சித்தப்பா முழங்காலில் ஐஸ் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஐ யாம் சாரி, சித்தப்பா."

அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சித்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கையமர்த்தினார்.

"அழாத கண்ணு. ஊர்ல இன்னும் பத்து இருக்குது."

சித்தி சட்டென்று சமையலறைக்குள் போய்விட்டாள். வெகுநேரம் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. என்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் கல்லூரியில் படிக்கும்போதுதான் சித்தி சொன்னாள். நாட்டுக்காக முதல் முறை ஆடும்போது மட்டுமே அந்தத் தொப்பியைக் கொடுப்பார்களாம். எத்தனை முறை ஆடினாலும் ஒன்றுதான். சித்தப்பா ஆடியதோ ஒரே ஒரு ஆட்டம், அதிலும் கடைசிப் பதினைந்து நிமிடம். அடுத்த வாரமே முழங்கால் போய்விட்டது.

அதெல்லாம் தெரியாத நான், அந்தப் பத்தையும் எப்போது வரவழைப்பீர்கள் என்று பார்க்கும்போதெல்லாம் அவரை நச்சரித்தேன். அவரும் சலிக்காமல், அடுத்த மாசம் கண்ணு, அடுத்த மாசம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.