இரண்டு ரப்பர் வளையங்கள்

மருத்துவமனையின் மருந்துக் கவுன்ட்டரில் இருபத்திரண்டு வருடமாக நிற்பவள் அவள். எந்த டாக்டரின் கோழிக்கிறுக்கலையும் தடுமாறாமல் படிப்பாள். ஒரு மாத்திரையை மாற்றிக் கொடுத்தாள் என்று யாரும் அவளை நோக்கி விரல் நீட்டியதில்லை. வீட்டில் ஒரு ஸ்குரூ கழன்றால் மட்டும் "என்னங்க" என்று குரல் கொடுப்பதோடு சரி. மிச்சத்தைக் கணவர் பார்த்துக்கொள்வார். நில அளவையாளரான அவர், காருக்கு ஆயில் மாற்றுவதைக்கூட வெளியாள் கையில் விட்டதில்லை.

நான்கு மாதத்துக்கு முன் வந்த பக்கவாதம் அவருடைய வலது பக்கத்தை முடக்கிப்போட்டது. கால் தேறிவிட்டது. பேச்சும் மெல்ல மெல்லத் திரும்பிவிட்டது. கை மட்டும் பிடிவாதம் பிடித்தது, அவரைப் போலவே. சட்டைக்குப் பொத்தான் போட அவள் பக்கத்தில் போனால், "விடு, நானே போட்டுக்கறேன்" என்று கால் மணி நேரம் மல்லுக்கட்டுவார். அவள் ஏதோ வேலை இருப்பதுபோல அலமாரியைக் குடைந்துகொண்டிருப்பாள்.

வாரம் மூன்று நாள் அவரைப் பிசியோதெரபி பயிற்சிக்குக் காரில் கூட்டிப்போனதும் அவள்தான். ஆயில் மாற்றவேண்டிய நாள் எப்போதோ தாண்டிவிட்டது.

"ஒர்க்‌ஷாப்ல விட்டுடலாமா?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டாள்.

அவர் முகம் சுண்டிப்போனது. "உன் இஷ்டம்" என்றார்.

எதற்கும் எதிர்வாதம் வைத்திருக்கும் மனுஷன் இப்படிச் சொன்னது அவளுக்குப் பொறுக்கவில்லை. "வேண்டாம், நானே பண்றேன். நீங்க பக்கத்துல உக்காந்து சொல்லுங்க."

"நீயா?"

"ஏன், மருந்து அளந்து ஊத்தறவளுக்கு ஆயில் ஊத்தத் தெரியாதா?"

முன்சக்கரங்களை இரும்புச் சாய்தளங்களில் ஏற்றி, ஒரு பழைய பாயை விரித்து அவள் அடியில் நுழைந்தாள். அவர் நாற்காலியிலிருந்து குனிந்து சொல்லச் சொல்ல, போல்ட்டைக் கழற்றிக் கறுத்த ஆயிலைத் தட்டில் இறக்கினாள். ஃபில்டர்தான் அசைய மறுத்தது. துணியைச் சுற்றி, பல்லைக் கடித்துத் திருகியதும் கழன்று, முழங்கைவரை ஆயில் வழிந்தது. புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் கொஞ்சம் ஆயில் தடவி, கையாலேயே இறுக்கினாள். போல்ட்டைத் திரும்ப மாட்டி, புது ஆயிலையும் ஊற்றியாயிற்று.

"சாவி போடுங்க."

நான்கு மாதத்துக்குப் பிறகு அவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். இடது கையைக் குறுக்கே நீட்டிச் சாவியைத் திருகினார். இன்ஜின் உறுமிய மறுகணம் அடியிலிருந்து ஆயில் பீய்ச்சியடித்தது.

"நிறுத்துங்க! ஐயோ, நிறுத்துங்க!"

தரையெல்லாம் ஆயில். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். "கழட்டின ஃபில்டர்ல வளையம் இருக்கா பாரு."

இல்லை. அது இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல்தான் புதியதையும் வைத்து இறுக்கியிருந்தாள்; இரண்டு வளையத்துக்கும் நடுவே ஆயில் பீறிட்டிருக்கிறது.

"இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செஞ்சும்..." என்று ஆயில் கையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவர் தோள் குலுங்கியது. பதறிப் பார்த்தால், சிரித்துக்கொண்டிருந்தார்.

"அந்த மூலையில ஒரு கறை இருக்கே, தெரியுமா?"

"பக்கத்து வீட்டு ஸ்கூட்டர் ஒழுகினது."

"ஸ்கூட்டர் இல்ல, நான்தான். பதினோரு வருஷம் முன்னாடி நீ உங்கக்கா வீட்டுக்குப் போயிருந்தப்ப இதே தப்பு, இதே வளையம்."

"அடப்பாவி மனுஷா! பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட நான் சண்டைக்குப் போனேனே!"

"நீ போன வேகத்துல, உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரல."

அவளும் சிரித்துவிட்டாள். ஆயில்மேல் மணலை அள்ளிப்போட்டுப் பெருக்கினாள். பழைய வளையத்தை உரித்து அவரிடம் நீட்ட, வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஃபில்டரை மறுபடி இறுக்கி, குறைந்த ஆயிலை ஊற்றி, இரண்டாம் தடவை இன்ஜினை ஓட்டியபோது ஒரு சொட்டுகூட விழவில்லை.

குழாயடியில் அவள் கை கழுவும்போது அவர் வந்து நின்றார். நல்ல கை கறுத்திருந்தது. அதைத் தேய்க்க அவருக்கு இன்னொரு கை இல்லை. அவளிடம் நீட்டினார். அவள் சோப்புப் போட்டு, ஒவ்வொரு விரலாக, நகக்கண்வரை தேய்த்துவிட்டாள். கறை போன பிறகும் கொஞ்ச நேரம் தேய்த்தாள். அவரும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் பயிற்சிக்குப் போய்க் காரை நிறுத்தியதும் இருவரும் ஆளுக்கொரு பக்கம் குனிந்து அடியில் பார்த்தார்கள்.

காவலாளி ஓடி வந்தார். "என்ன சார், ஏதாவது விழுந்துடுச்சா?"

"ஒண்ணுமே விழலப்பா" என்றார் அவர், வாயெல்லாம் பல்லாக.