எட்டு வாசல்களில் நின்ற பஸ்

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. சாயல்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நான் ஆரம்பப் பள்ளி வாத்தியார். மெயின் ரோட்டிலிருந்து இரண்டு மைல் உள்ளே இருந்த எங்கள் ஊருக்குத் தனியார் பஸ் ஒன்று வர ஆரம்பித்தது. ஆலமரத்தடியில் மட்டும் நிற்கும். தெருவே அரை மைல்தான்.

ஒரு மாதம் ஒழுங்காகப் போயிற்று. பிறகு, உப்பளம் வைத்திருந்த பஞ்சாயத்துத் தலைவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"வாத்தியாரே, நான் மரத்தடிக்குப் போயி நாலு பேரோட நிக்கிறது ஊருக்கே மரியாதையில்ல. எங்க வீட்டு வாசல்ல நிக்கணும்னு பஸ் முதலாளிக்கு ஒரு மனு எழுதுங்க."

தலைவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் எஞ்சினுக்கு உகந்தது என்று காரணம் காட்டி எழுதினேன். முதலாளிக்குப் பஞ்சாயத்தின் தயவு வேண்டியிருந்தது. சம்மதித்துவிட்டார்.

அடுத்து உபதலைவர் வந்தார். அவர் வீடு நான்கு வீடு தள்ளி. "வயசான ஆத்தாவால நடக்க ஏலலைன்னு எழுதுங்க" என்றார். அந்த ஆத்தா போய்ச் சேர்ந்து, வருஷத் திவசச் சாப்பாட்டை நானே சாப்பிட்டிருந்தேன். ஆனாலும் எழுதினேன்.

அதற்குப் பிறகு ஊர்ப் பெரிய மனிதர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். மனு எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் கருப்பட்டியும் இளநீரும் என் வீடு தேடி வந்தன. எட்டாவது மனுவை யாரும் கேட்காமலே எழுதினேன். 'கல்வி வளர்ச்சியை முன்னிட்டு' ஆசிரியர் வீட்டு எதிரிலும் பஸ் நிற்க வேண்டும் என்று.

அந்தச் சமயத்தில்தான் கடற்கரையிலிருந்து மீன் கொண்டுவந்து விற்கும் அம்மா ஒருத்தி வந்தாள். "கூடையத் தூக்கிக் கழுத்தே ஒடியுதுய்யா. கடக்கரைப் பாதை வந்து சேர்ற முக்குலயும் நிக்கச் சொல்லி எழுதுங்க."

தலைவரிடம் கேட்டேன். "மீன் வாடை பஸ்ஸுக்கு ஆகாது" என்றார். வாடை என் வாசலிலும் வருமே என்று எனக்கும் தோன்றியது. "பாக்கலாம்மா" என்று அனுப்பிவிட்டேன்.

பஸ் இப்போது எட்டு வாசல்களில் நின்றது. பெரிய மனிதர்கள் முன்கூட்டியே வந்து நிற்க மாட்டார்கள். டிரைவர் ஹாரன் அடித்த பிறகுதான் குளிக்கவே போவார்கள். உபதலைவருக்கு இரண்டு ஹாரன் அடித்துவிட்டான் என்று தலைவர் கோபித்துக்கொண்டார். அன்றிலிருந்து தலைவருக்கு நான்கு. அரை மைலைக் கடக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

மீன்காரம்மா பஸ்ஸோடு கூடவே நடந்தாள். நிற்கிற இடத்திலெல்லாம் ஜன்னல் வழியாக மீன் விற்றாள். ஊர் எல்லை வருமுன் கூடை காலியாகிவிடும்.

ஒருநாள் முதலாளியே வந்து பஸ்ஸில் ஏறினார். மூன்றாவது வாசலில் இறங்கி நடக்கத் தொடங்கினார். மெயின் ரோட்டுக் கடையில் அவர் டீ குடித்து முடித்தும் பஸ் வரவில்லை. மறுநாளிலிருந்து பஸ் ஊருக்குள் வருவது நின்றது.

தலைவர் கூட்டம் போட்டார். "ஒத்த எடத்துல நின்னாப் போதும்னு எழுதுவோம்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

"எந்த இடம்னு போடட்டும்?" என்று கேட்டேன்.

"எங்க வீட்டு வாசல்" என்று ஏழு குரல்கள் ஒன்றாக எழுந்தன. வாய்ச்சண்டை முற்றி, கடைசியில் இடத்தின் பெயரை மட்டும் விட்டுவிட்டு மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். பேசி முடிவு செய்யும்வரை அது என்னிடம் இருக்கட்டும் என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் அந்தக் காலி இடத்தில் 'ஆசிரியர் வீட்டு எதிரில்' என்று எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன்.

பதில் தலைவர் பெயருக்கு வந்தது. ஊரைக் கூட்டி, என்னையே உரக்கப் படிக்கச் சொன்னார். வேறு வழியில்லை, படித்தேன்: 'ஆசிரியர் வீட்டு எதிரில் பஸ்ஸை நிறுத்தும் உத்தேசம் எங்களுக்கு இல்லை.'

அடிப்பார்கள் என்றே நினைத்தேன். தலைவர் எழுந்து வந்து என் தோளில் கை போட்டார். "இவ்வளவு நாளு ஒங்கள வேத்தாளாவே நெனச்சிட்டேன் வாத்தியாரே. அடுத்த பஞ்சாயத்து எலெக்சன்ல நீங்க எங்கூட இருக்கணும்."

மீன்காரம்மா மட்டும் திட்டினாள். "நின்னு நின்னு போன பஸ்ஸையும் கெடுத்துட்டீங்களேய்யா, ஏவாரமே போச்சு."