த்ரெட் எண்ணிக்கையை எட்டாக்கிய மதியம்

திருப்பதியில் ஒரு மருத்துவமனையின் பதிவேட்டு அறையில் வேலை செய்கிறேன். நோயாளிகளின் தாள்களை ஸ்கேன் செய்து, மென்பொருளில் ஆளுக்கொரு கோப்பாக்கி, அச்செடுத்துக் கொடுக்க வேண்டும். ஒரே நேரத்தில் எத்தனை கோப்புகள் ஓடலாம் என்பதுதான் ‘த்ரெட்’ எண்ணிக்கை. “இரண்டுக்கு மேல வெச்சா பக்கம் குழம்பும்” என்று மேலாளர் எச்சரித்திருந்தார்.

அன்று நாராயணவனத்தில் அக்கா மகளின் கல்யாணத்துக்குப் போகும் அவசரத்தில் எட்டு வைத்தேன். வேலை சட்டென முடிந்தது. எல்லோருக்கும் அச்சுப் பிரதிகளைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப எழுந்தேன்.

அப்போது வெதுருகுப்பத்துக்காரர் ஒருவர் ஜன்னலில் தாள்களை நீட்டினார்.

“மேல என் பொஞ்சாதி பேரு இருக்குது. உள்ள வேற யாரோ அம்மாவுக்கு சக்கர வியாதின்னு இருக்குதேம்மா?”

என் தப்பு வெளியே தெரிந்துவிடுமே என்று, “சிஸ்டம் ப்ராப்ளம். நாளைக்கு வாங்க” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. “எங்களுது இருக்கட்டும். என் பொஞ்சாதி ஆபரேசன் காயிதம் அந்தம்மாகிட்ட போயிருந்தா? அத டாக்டராண்ட காட்டிக்கினு இருந்தா? மொதல்ல அவங்கள தேடும்மா.”

அந்த இன்னொரு பெண்ணைப் பற்றி அதுவரை நான் நினைக்கவே இல்லை. மேலாளரிடம் ஓடினேன். “நான்தான் சார் எட்டு வெச்சேன்.”

மருந்து வாங்கும் வரிசையில் அவளைக் கண்டுபிடித்து, மாறிப்போன தாள்களை வாங்கிக்கொண்டோம். வெதுருகுப்பத்துக்காரரும் கூடவே தேடினார். எண்ணிக்கையை இரண்டாக்கி, எல்லாக் கோப்புகளையும் மறுபடி ஓட்டிப் பக்கம் பக்கமாகச் சரிபார்த்தேன். மாப்பிள்ளை அழைப்புக்குப் போக முடியவில்லை.

முகம் தெரியாத ஒருத்திக்காக அவர் பதறினார். நான் எனக்காக மட்டுமே பதறினேன். அதை நினைத்தால் இன்றும் மனம் கூசுகிறது.