அந்த வாசகருக்கு ஐயரா, பதிவாளரா?

முதலில் என் முட்டாள்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன வாரம் நோர்வூட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டதாக இங்கே ஒரு கேள்வி போட்டேன் அல்லவா? அப்படி ஒரு வாசகரே கிடையாது. அறுபத்திரண்டு வயதில், சொந்தப் பத்தியில், எனக்கு நானே கடிதம் எழுதிக்கொண்ட பெருமை என்னையே சேரும்.

கேள்வி நினைவிருக்கிறதா? மனைவி இறந்து ஒன்பது வருடமான ஒருவர். கல்யாணமே செய்துகொள்ளாத ஒரு டீச்சர். இவர்கள் சேர்வதென்றால் ஐயரைக் கூப்பிடுவதா, பதிவாளரிடம் போவதா?

பதில்கள் குவிந்துவிட்டன. ‘பதினைந்து நிமிடம், இரண்டு கையெழுத்து, தின்ன ஆளுக்கொரு ரோல்ஸ்... வேலை முடிந்தது!’ என்றது பதிவாளர் கட்சி. இறம்பொடையிலிருந்து என் தங்கை போனில் வந்தாள்.

“ஏண்ணே, அந்த ஆளு மணவறையில சம்மணம் போட்டு ஒக்காந்தா, தூக்கிவிட ரெண்டு பேரு வேணுமே... ஒங்கள மாதிரியே அவருக்கும் முட்டி வலியாண்ணே?”

அவளுக்கு மட்டும் எப்படித்தான் மூக்கில் வேர்க்கிறதோ!

நானும் பதிவாளர் கட்சிதான். ஏன்? பயம்! தேயிலை ஃபெக்டரியையே நடத்தும் டீமேக்கராக இருந்து அத்தனை பேரையும் விரட்டியவன் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்தால் ஊர் சும்மா விடுமா?

டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். நோர்வூட்டில் அறை எடுத்துத் தங்கி, ஹட்டனில் கணக்குப் படிப்பிக்கிறார். காலை பஸ்ஸில் நானும் ஏறுவேன். பத்தியைக் கொடுக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொள்வேன். பத்தி வாட்ஸ்அப்பில்தான் போகிறது! ஹட்டனில் இறங்கி, ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். இப்படி இரண்டு வருடம். நாற்பது நிமிடப் பயணத்துக்காக மீதி நாள் முழுவதும் காத்திருப்பதற்கு என்ன பெயர் வைப்பது?

இந்த மாதத்தோடு அவருக்கு ஓய்வு. பெட்டியோடு யாழ்ப்பாணம். அந்த ஜன்னலோர சீட்டில் இனி யாரோ மரக்கறிப் பையோடு உட்காருவார்கள்...

ஒருமுறை சொன்னார்: “என்ர நாலு சகோதரங்களின்ர கலியாணத்திலயும் வாசல்ல நிண்டு பன்னீர் தெளிச்சது நான்தான்.” சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கல்யாணம் என்றாலே அவருக்கு அலுத்துப்போயிருக்கும் என்று நானாக முடிவுகட்டிக்கொண்டேன்.

போன வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஏறினால், அவர் மடியில் நம் பத்திரிகை. என் கேள்வி வந்த பக்கமே வெளியே தெரிய மடித்திருந்தது.

“உங்கட வாசகர் முடிவெடுத்திட்டாரோ?”

“ரெஜிஸ்ட்ரார் பக்கம்தாங்க சாயுறாரு, டீச்சர்.”

“ஏனாம்?”

“ஊரு சிரிக்கும்னு பயப்படுறாருங்க.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே ஒன்றுமில்லை, பனிமூட்டம்தான். அதை எவ்வளவு நேரம் பார்ப்பது? பார்த்துக்கொண்டே இருந்தார். பஸ் ஹட்டனை நெருங்கிவிட்டது. இறங்கினால் போச்சு...

“டீச்சர்... அந்த வாசகர் நான்தாங்க.”

“தெரியும்.”

“அந்த டீச்சர் நீங்கதாங்க.”

கண்டக்டர் “ஹட்டன், ஹட்டன்!” என்று கத்தினார். இருந்த தைரியத்தையெல்லாம் திரட்டிச் சொல்லிவிட்டேன்:

“யாழ்ப்பாணம் போயிறாதீங்க, டீச்சர். நம்ம வயசுக்கு ஆர்ப்பாட்டம் எதுக்குங்க? ரெஜிஸ்ட்ரார்கிட்ட போயி, சத்தமில்லாம கையெழுத்தப் போட்டுட்டு வந்துருவோமே?”

பத்திரிகையைக் கைப்பையில் வைத்தார். ஸிப்பை இழுத்து மூடினார். என்னை நேராகப் பார்த்தார்.

“மேளம் இல்லாமலோ?”