செந்துறையில் கிடைக்கும் சிக்னல்

செந்துறை பஸ் ஸ்டாண்டில், பகல் பதினொரு மணிக்கு, ஓர் ஆசிரியை செல்போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நிற்கிறார். பள்ளிக்கூடத்தில் சிக்னல் இல்லை, ஆசிரியர்களுக்கான ஆன்லைன் ஏ.ஐ. பயிற்சியை இன்றைக்குள் முடித்தாக வேண்டுமாம்.

"ஸ்கூல்ல வேற டீச்சர் இருக்காங்களா?" என்று கேட்கிறேன்.

"ஒருத்தங்க இருக்காங்க சார். முதல்லயே முடிச்சிட்டாங்க, அதனால மத்தவங்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போயிட்டாங்க."

"அப்ப பிள்ளைங்க?"

"சத்துணவு அக்காதான் பாத்துக்கிறாங்க. அடுப்பையும் அவங்களே பாக்கணும். சீக்கிரம் போவணும் சார்."

போனில் கடைசிக் கேள்வி: பின்தங்கிய மாணவருக்கு என்ன தேவை? 'ஆசிரியரின் தனிக் கவனம்' என்பதைத் தொடுகிறார். சரியான விடை, திரையில் பூமாரி பொழிகிறது. அதற்குள் அவருடைய ஊர் பஸ் கிளம்பிவிடுகிறது. அடுத்தது மூன்று மணிக்குத்தான்.

"நீங்க எங்க சார் போறீங்க?"

அரியலூரில் இதே பயிற்சியைப் புகழ்ந்து பேசப் போகிறேன்.

"ஒரு கல்யாணத்துக்கும்மா" என்கிறேன்.