மூச்சு ஊதான்

எனக்கு ஏழு வயதானபோது எங்கள் வீட்டில் நான்கு வகை ஊதான்கள் குடியிருந்தன. அவற்றில் மூன்று வகைக்கு நான் பயப்படவே மாட்டேன் என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொள்வேன். நான்காவது வகையைப் பற்றி வாயே திறக்க மாட்டேன்.

ஊதான்களை வீட்டுக்குள் கொண்டுவந்தவர் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. அக்கரையில் பாகான் டாலாமில் இருந்தவருக்கு எங்கள் தீவில் தொழிற்சாலை வேலை கிடைத்தது. கொஞ்ச காலம் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி வந்து போனார். பிறகு அலுத்துப்போய், ஜார்ஜ் டவுனில் எங்கள் வரிசை வீட்டின் முன்னறையில் பாயை விரித்துவிட்டார். ஷிப்ட் வேலை என்பதால், அப்பா வேலைக்குப் போயிருக்கும் பகல் நேரத்தில் மாமா பெரும்பாலும் வீட்டில் இருப்பார். தூங்கவேண்டிய மனிதர் தூங்காமல் என்னிடம் கதையளப்பார். அவருக்கு வாய் சும்மா இருக்காது. அப்பா அவருக்கு ரேடியோ என்று பெயர் வைத்திருந்தார்.

எங்கள் தெருமுனைச் சீனக் கோயிலின் கூரையில் இரண்டு பச்சை டிராகன்கள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும். ஒருநாள் மோட்டார் சைக்கிளில் அந்த வழியாகப் போகும்போது மாமா அவற்றைக் காட்டிச் சொன்னார்.

"அதுங்கல்லாம் பெரியப்பா வூட்டு ஆளுங்க. சித்தப்பா வூட்டு ஆளுங்க சின்னதா இருப்பாங்க. அதுங்கதான் ஊதான்."

ஊதானுக்கு உள்ளங்கை நீளம்தான் உடம்பு. பல்லியின் வால், வௌவாலின் இறக்கை, நெற்றியில் அரிசி அளவுக்கு ஒரு கொம்பு. நினைத்தால் கண்ணுக்குத் தெரியாமல் மறையும். கோபம் வந்தால் பெரிதாகும். புகை ஊதான் சாம்பிராணிப் புகையில் வசிக்கும். சீனர்கள் தெருவில் ஆளுயர ஊதுபத்தி கொளுத்தும் மாதத்தில் தின்று தின்று கொழுத்துப்போய் எழுந்திருக்கக்கூட முடியாமல் கிடக்கும். கரண்ட் ஊதான் மீட்டர் பெட்டிக்குள் இருக்கும். அது தும்மினால் வீட்டில் கரண்ட் போய்விடும். தண்ணி ஊதான் எங்கள் சமையலறைக்குப் பின்னால் ஓடும் லோங்காங்கில், அந்தப் பெரிய சாக்கடையில், மல்லாந்து படுத்துக்கொண்டு மழையைக் கூப்பிடும். இந்த மூன்றும் எனக்கு விளையாட்டுத் தோழர்கள் மாதிரிதான். மீட்டர் பெட்டியைத் தாண்டும்போது "நல்லா இருக்கியா" என்று விசாரித்துவிட்டுத்தான் போவேன்.

நான்காவதை மாமா தானாகச் சொல்லவில்லை. நான் கேட்டுத்தான் வந்தது.

அந்த வருடம் எனக்கு ஒரு தம்பி பிறந்திருந்தான். அவனுக்கு முன்பும் ஒரு தம்பி இருந்தான். அவன் ஒரு மத்தியானம் தொட்டிலில் தூங்கினான், எழுந்திருக்கவில்லை. அப்போது அம்மா பின்புறம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். தம்பி சாமியிடம் போய்விட்டான் என்று என்னிடம் சொன்னார்கள். அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவன் பெயரையும் வீட்டில் அதன்பிறகு யாரும் சொல்லவில்லை.

இந்தத் தம்பி தூங்கும்போது அம்மா தொட்டிலை விட்டு நகர மாட்டார். கூரைக் கம்பியிலிருந்து ஸ்பிரிங்கில் தொங்கும் சாரோங் தொட்டில் அது. அம்மா அதன் துணியை விலக்கி, தம்பியின் மூக்குக்குக் கீழே ஒரு விரலை வைப்பார். சற்று நேரம் அப்படியே இருப்பார். பிறகு விரலை எடுப்பார். கொஞ்சம் கழித்து மறுபடி வைப்பார். அப்போது அம்மாவின் முகம் எனக்குத் தெரிந்த அம்மாவின் முகமாக இருக்காது.

"அம்மா ஏன் மாமா தம்பி மூக்குல விரல் வைக்கிறாங்க?"

மாமா வாசலில் மோட்டார் சைக்கிள் சங்கிலியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ரேடியோ முதன்முறையாக நின்றுபோனது. எண்ணெய்த் துணியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார். பிறகு, "மூச்சு ஊதான்னு ஒண்ணு இருக்கு மா" என்றார்.

மூச்சு ஊதான் தூங்குகிறவர்களின் மூச்சைக் குடிக்க வரும். குழந்தை மூச்சு என்றால் அதற்கு உயிர். அது வரக்கூடாது என்றுதான் அம்மா விரலைக் காவல் வைக்கிறார். அது பக்கத்தில் வந்துவிட்டால் பால் வாசனை அடிக்கும், ஏனென்றால் அது குழந்தைகளிடமே சுற்றித் திரிகிறது. அந்த வாசனை வந்தால் மூச்சை அடக்கிக்கொள்ளவேண்டும். கல் என்று நினைத்துப் போய்விடும். இவ்வளவையும் சொன்ன மாமா, நான் அம்மாவிடம் ஓடிப்போய்க் கேட்டுவிடப் போகிறேன் என்று பயந்திருக்கவேண்டும். இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டார்.

"பெரியவங்கள கேட்டா அப்படி ஒண்ணும் இல்லன்னுதான் சொல்லுவாங்க. பேரச் சொன்னா வந்துரும்லா, அதான். நீ கேக்காத."

எனக்கு அன்றுதான் எல்லாம் விளங்கியது. தொட்டிலுக்கு அடியில் அம்மா ஒரு பழைய இரும்புக் கத்தியும் வேப்பிலைக் கொத்தும் வைத்திருந்தார். எதற்கு என்று முன்பே கேட்டிருந்தேன். "சும்மாதான்" என்றார். சும்மா யாராவது குழந்தைக்குக் கீழே கத்தி வைப்பார்களா? அந்த முதல் தம்பியின் மத்தியானத்தையும் நினைத்துக்கொண்டேன். அன்று தொட்டிலுக்கடியில் கத்தி இல்லை. பக்கத்தில் விரலும் இல்லை.

அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்தால் தொட்டில்தான் கண்முன் ஆடும். வீட்டுக்கு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் தம்பியிடம் ஓடி மோந்து பார்ப்பேன். பால் வாசனை அடிக்கும். பால் குடிக்கிற குழந்தையிடம் வேறென்ன வாசனை அடிக்கும் என்று யோசிக்கிற அறிவு எனக்கு இல்லை. அது இப்போதுதான் வந்துவிட்டுப் போயிருக்கிறது என்று தொட்டிலுக்கடியில் குனிந்து தேடுவேன்.

பயந்து பயந்து பார்த்துவிட்டுக் கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். வெள்ளிக்கிழமைகளில் அம்மா என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போவார். அங்கே ஒரு பாம்புப் புற்று உண்டு. பெண்கள் அதற்குப் பால் ஊற்றி, முட்டை வைத்துக் கும்பிடுவார்கள். அதற்கானதை அதற்குக் கொடுத்துவிட்டால் நம் வீட்டுப் பக்கம் வராது என்று அம்மாவே சொல்லியிருக்கிறார். ஊதானும் ஏறக்குறைய அந்தச் சாதிதானே. குளிர்பெட்டியிலிருந்து ஒரு முட்டையை எடுத்தேன். தம்பியின் பால் பவுடரை ஒரு மூடியில் கரைத்தேன். இரண்டையும் பின்வாசலில் துணி துவைக்கும் கல்லுக்கு அடியில், லோங்காங்கைப் பார்த்தபடி வைத்து, கண்ணை மூடிக் கும்பிட்டேன். என் தம்பியை விட்டுவிடு என்று கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் போய்ப் பார்த்தால் முட்டை உடைந்து ஓடு மட்டும் கிடந்தது. எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்ச நேரம்தான் நிலைத்தது. முட்டை தின்னப்பட்டிருக்கிறது என்றால் தின்ன ஒன்று இருக்கிறது. மாமா சொன்னது அத்தனையும் உண்மை. அன்றுமுதல் பள்ளிவிட்டு வந்ததும் கல்லுக்கடியில் முட்டை வைப்பது என் வேலையாகிவிட்டது. வைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று நினைக்கவே தைரியமில்லை. முட்டை சீக்கிரம் தீர்ந்துபோவதற்கு மாமாவின் பசியைத்தான் அம்மா குறை சொன்னார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. தம்பி தொட்டிலில் தூங்கினான். காற்று வரட்டும் என்று பின்கதவு திறந்திருந்தது. மழை தூறத் தொடங்கியதும் அம்மா எழுந்தார்.

"துணிய எடுத்துட்டு ஓடியாறேன். அவனையே பாத்துக்கிட்டு இரு. கண்ண எடுக்காத."

நான் கண்ணை எடுக்கவில்லை. அதனால் அது உள்ளே வந்தது எனக்குத் தெரியவில்லை. சிமெண்டுத் தரையில் நகம் கீறுகிற சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன். வாசற்படியைத் தாண்டி ஒன்று வந்துகொண்டிருந்தது. என் கையைவிட நீளம். கறுப்பு உடம்பில் மஞ்சள் புள்ளிகள். வாலை இழுத்துக்கொண்டு, பிளவுபட்ட நாக்கை நீட்டி நீட்டி, அவசரமே இல்லாமல் நடந்தது. இறக்கையை எங்கேயோ மடித்து வைத்திருக்கிறது என்று நினைத்தேன். அன்று நான் இன்னும் முட்டை வைத்திருக்கவில்லை. அதனால்தான் கோபம் வந்து பெரிதாகி, தானே கேட்க வந்துவிட்டது.

கத்தியிருக்கலாம். அம்மா கூப்பிடு தூரத்தில்தான் இருந்தார். ஆனால் கத்தினால் மூச்சு விடவேண்டும். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். தம்பிக்கு மூச்சை அடக்கத் தெரியாதே என்பது அப்போதுதான் உறைத்தது. அது தொட்டிலுக்கு நேர்கீழே வந்து தலையைத் தூக்கியது. வேப்பிலையை நாக்கால் தொட்டது. கத்தியின் மேல் முன்காலை வைத்தது. இரும்புக்கும் வேம்புக்கும் அது பயப்படவில்லை என்று கண்ணால் பார்த்ததும் என் கால்சட்டை நனைந்தது.

அம்மா ஒரு கை நிறையத் துணியோடு உள்ளே வந்தார். துணியெல்லாம் தரையில் விழுந்தது. அம்மா துணியை மிதித்துத் தாண்டிவந்து தம்பியைத் தொட்டிலிலிருந்து அள்ளிக்கொண்டு மாமாவைக் கூப்பிட்டார். மாமா தூக்கக் கலக்கத்தில் கைலியைப் பிடித்துக்கொண்டு விளக்குமாற்றோடு ஓடிவந்தார்.

"பியாவாக்லா அக்கா, உடும்பு. லோங்காங்ல கெடக்கிறது. ஒண்ணும் செய்யாது, நகரு."

விளக்குமாறு தரையில் அடித்ததும் அது வந்த வழியே ஓடி, சாக்கடைக்குள் தொப்பென்று விழுந்தது. அதைத் துரத்திப்போன மாமா துவைக்கும் கல்லுக்கடியில் குனிந்தார். கை நிறைய முட்டையோடுகளை அள்ளிக்கொண்டு வந்தார். இருவரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டது. பெயரைச் சொன்னால் வந்துவிடும் என்பதையும் மறந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மூச்சு ஊதான், பால் வாசனை, விரல், கத்தி, முட்டை, எல்லாம்.

அம்மா மாமாவைப் பார்த்தார்.

"புள்ளகிட்ட என்னாடா சொல்லி வச்சிருக்க?"

"அவதான் கேட்டா அக்கா, ஏன் விரல் வைக்கிறீங்கன்னு. நான் என்னா சொல்றது? நீ சொல்லு, என்னா சொல்லியிருக்கணும்?"

அம்மா தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். மாமா என் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். ஊதான் என்று எதுவும் கிடையாது, எல்லாம் தான் கட்டிவிட்ட கதை, நான்கு வகையுமே பொய் என்று காதைப் பிடித்துக்கொண்டு சொன்னார். பெரியவர்கள் இல்லையென்றுதான் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். மாமாவும் பெரியவர்தான். அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்ததும் மிச்சமிருந்த சந்தேகமும் போய்விட்டது. மாமாவே பயப்படுகிறார் என்றால் அது இன்னும் போகவில்லை.

மறுநாள் எனக்குக் காய்ச்சல். பயந்த காய்ச்சல்தான் என்று திருநீறு பூசி, மருந்து கொடுத்து, தொட்டிலுக்குப் பக்கத்திலேயே பாயில் படுக்கவைத்தார்கள். மத்தியானம் மழை கொட்டியது. நான் தூங்கவில்லை. தூங்கினால் மூச்சை அடக்க முடியாது என்பதால், கண்ணை மட்டும் மூடிக்கொண்டு கிடந்தேன். தொட்டில் ஸ்பிரிங்கின் கீச்சு நின்றது. பக்கத்தில் ஏதோ அசைந்தது. பிறகு பால் வாசனை வந்தது.

என் முகத்துக்கு வெகு அருகில் வந்தது. மூக்குக்குக் கீழே வெதுவெதுப்பாக ஏதோ ஒன்று வந்து நின்றது.

நான் மூச்சை அடக்கினேன்.

அது போகவில்லை. இன்னும் அழுத்தமாக மூக்கோடு ஒட்டிக்கொண்டது. லேசாக நடுங்கவும் செய்தது. நான் கல், நான் கல் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேன். நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. விடவில்லை. நான் விட்டால் அடுத்து தம்பியிடம் போய்விடும்.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை நான் அதற்குமுன் ஒரே ஒருமுறைதான் கேட்டிருந்தேன். அதுவும் ஒரு மத்தியானம்தான்.

என்னை யாரோ பாயிலிருந்து பிடுங்கித் தூக்கினார்கள். கண்ணைத் திறந்தால் அம்மா. தோளைப் பிடித்து உலுக்கினார், கன்னத்தில் அறைந்தார். நான் வலியில் மூச்சைவிட்டு அலறியதும் முதுகில் இன்னும் இரண்டு வைத்தார். அடித்த கையை எடுக்காமல் அப்படியே என்னை நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக்கொண்டு, என் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னார். நடுவில் ஒருமுறை, வீட்டில் யாருமே சொல்லாத அந்தப் பெயரையும் சொன்னார். ஓடிவந்த மாமா அறை வாசலிலேயே நின்றார். அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார். தொட்டிலில் தம்பி விழித்துக்கொண்டு வீறிட்டான்.

எனக்குக் கன்னம் எரிந்தது. ஆனாலும் நல்ல செய்தியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"அது வந்துச்சும்மா. நான் மூச்சே விடல. கல்லுன்னு நெனச்சிட்டுப் போயிருச்சு."

தம்பியைத் தொடாமல் போய்விட்டது. நான் ஜெயித்துவிட்டேன். பிறகு அம்மாவும் மாமாவும் ஏன் அப்படி அழுதார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.