வார்சாவில் ஓர் அப்பளக் கடை

சின்னக் கடை வைத்திருப்பவனுக்கு இரண்டு பக்கமும் யோசனை சொல்ல ஆள் உண்டு: கல்லாவுக்கு அந்தப் பக்கம் வாடிக்கையாளர், இந்தப் பக்கம் மனைவி. நடுவில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தலையாட்டத் தெரிந்தால் போதும். கடை வைத்து அவதிப்படும் அன்பர்களே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

எனக்குச் சொந்த ஊர் விருதுநகர் பக்கம். தில்லி மயூர் விஹாரில் நம்ம ஊர்ச் சாமான் கடை வைத்திருக்கிறேன். அப்பளம், வடகம், காப்பிப்பொடி, இட்லி அரிசி, புளி, பெருங்காயம் எல்லாம் கிடைக்கும். இதை ஏறக்கட்டிவிட்டு வெளிநாட்டில் போய்க் கடை திறக்கலாமா என்று மண்டையை உடைத்துக்கொண்ட கதைதான் இது.

சாமான் அங்கே, பாடம் இங்கே

போன வருடம் ஒரு சாயங்காலம் பக்கத்து அடுக்குமாடி சொசைட்டியில் இருக்கும் தீபா கடைக்கு வந்தாள். தில்லியிலேயே பிறந்து வளர்ந்த பெண். மாமியார் ஊரிலிருந்து வருகிறாராம், இட்லி பூ மாதிரி வர வேண்டுமாம். எந்த அரிசி, எந்த உளுந்து, வெந்தயம் போடலாமா, எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்று வரிசையாகக் கேட்டாள். நானும் மூட்டையைப் பிரித்து, அரிசியை அவள் உள்ளங்கையில் கொட்டி, நல்லது எது கெட்டது எது என்று பாடமே நடத்தினேன். எல்லாவற்றையும் அடக்கமாகக் கேட்டுக்கொண்டவள், என் கண்ணெதிரிலேயே போனை எடுத்து இரண்டு தட்டுத் தட்டினாள். பத்து நிமிஷத்தில் வாசலில் கொண்டுவந்து கொடுக்கும் கம்பெனிக்கு ஆர்டர் போய்விட்டது.

என் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். கிளம்பும்போது சமாதானமாகச் சொன்னாள்: "தப்பா நினைக்காதீங்க அங்கிள். சாமான்தான் அவங்ககிட்ட. நாலெட்ஜ் எல்லாம் உங்ககிட்டதான்."

கைதட்டும் கைகள்

நாலெட்ஜை வைத்துக் கடை வாடகை கொடுக்க முடியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் மச்சினன் செந்திலிடம் புலம்பினேன். என் மனைவி கல்யாணியின் தம்பி அவன். போலந்தில், வார்சா நகரத்தில் கம்ப்யூட்டர் வேலை. "அங்க கெடந்து ஏன் அத்தான் மாரடிக்கிறீங்க? இங்க வந்து ஒரு கடை போடுங்க" என்றான். அங்கே நம்ம ஆட்கள் நிறைய வந்துவிட்டார்களாம். அவன் வீட்டுப் பக்கத்தில் இருக்கிற இந்தியக் கடையில் சாம்பார்பொடி கேட்டால் சோலே மசாலா வாசனையோடு ஏதோ ஒன்றைக் கொடுக்கிறார்களாம்.

அவன் சும்மா பேசிவிட்டுப் போகிற ஆள் இல்லை. அங்குள்ள தமிழர்களின் வாட்ஸப் குழுவில், நம்ம ஊர்க் கடை திறந்தால் வாங்குவீர்களா என்று கேட்டும் விட்டான். ஒருவர் பாக்கியில்லாமல் கைதட்டும் பொம்மை போட்டிருந்தார்கள். செந்தில் அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினான். நான் அதை எத்தனை தடவை பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். கடைக்குப் பெயர்ப்பலகை எந்தக் கலரில் வைப்பது என்பது வரைக்கும் போய்விட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து மல்லி புடைத்துக்கொண்டிருந்த கல்யாணி படத்தை ஒரு பார்வை பார்த்தாள். "தட்டுற கையெல்லாம் பையைத் தூக்கிட்டு வருமான்னு கேளுங்க."

குப்தாஜியின் முறுக்குக் கவலை

கடையின் சொந்தக்காரர் குப்தாஜி. வாடகை ஒப்பந்தம் தீபாவளியோடு முடிகிறது. புதுப்பிக்கிறாயா, காலி செய்கிறாயா, முன்கூட்டியே சொல்லிவிடு, மருமகன் மொபைல் கடை வைக்கக் காத்திருக்கிறான் என்று சொல்லிவிட்டார். ஆக, தில்லியா வார்சாவா என்பதைத் தீபாவளிக்குள் நான் முடிவு செய்தாக வேண்டும். இரண்டு கடை நடத்த எனக்குத் தெம்பு கிடையாது. இதை விட்டால் இந்த இடம் திரும்பக் கிடைக்கப் போவதும் இல்லை.

குப்தாஜி தினமும் சாயங்காலம் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, டப்பாவைத் தானே திறந்து முறுக்கு எடுத்துச் சாப்பிடுவார். வாடகையில் அது சேர்த்தி இல்லை, உரிமை. இத்தனை வருடத்தில் அவர் கற்றுக்கொண்ட தமிழும் அந்த டப்பாவைச் சுற்றித்தான். ஒருநாள் துணிந்து வார்சா விஷயத்தைச் சொன்னேன். கையிலிருந்த முறுக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மருமகனுக்கு வழி பிறந்தது என்று சந்தோஷப்படுகிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். கடைசியில் வாயைத் திறந்தார்: "போ சாமி, நல்லா போ. லேகின் முறுக்கு?"

மிளகாயில் மாடு

ஏற்றுமதி, இறக்குமதிக் காகிதங்களைப் பார்த்துத் தரும் ஏஜெண்ட் ஒருவனை நேரு பிளேஸில் பிடித்தேன். விவேக் என்று பெயர். அப்பா கும்பகோணம், பையன் முழு தில்லி. ஒரு பை நிறையச் சாமானைக் கொண்டுபோய் அவன் மேஜையில் பரப்பினேன். அப்பளம் சரி என்றான். பொடிகளுக்குப் போலிஷ் மொழியில் லேபிள் ஒட்ட வேண்டும் என்றான். மோர்மிளகாய்ப் பாக்கெட்டைத் தூக்கிப் பிடித்து, "இதுல என்னெல்லாம் இருக்கு அங்கிள்?" என்றான். மிளகாய், உப்பு, மோர் என்றேன்.

"மோர்னா சாச்தானே?" என்று இந்திப் பெயரைச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கம்ப்யூட்டருக்குள் தலையை விட்டவன் வெகுநேரம் கழித்துத்தான் வெளியே எடுத்தான். மோர் என்றால் பால். பால் என்றால் மாடு. மாடு சம்பந்தப்பட்ட எந்தச் சாமானும் அந்த நாட்டுக்குள் போக வேண்டுமென்றால், மாடு ஆரோக்கியமாக இருந்தது என்று கால்நடை டாக்டர் கையெழுத்துப் போட வேண்டுமாம். சாத்தூரில் எந்த வீட்டு மொட்டைமாடியிலோ காய்ந்த மிளகாய்க்கு நான் எந்த மாட்டைத் தேடிப் போவேன்? மோரெல்லாம் வெயிலில் என்றைக்கோ போய்விட்டது தம்பி, இப்போது இருப்பது வெறும் மிளகாய்தான் என்று வாதாடிப் பார்த்தேன். அவனுக்கு என்மேல் வருத்தம்தான் வந்தது. "அங்கிள், இந்த மிர்ச்சில மாடு இருக்குன்னு நீங்க முதல்லயே சொல்லியிருக்கணும்."

கொஞ்சம்தான்

எதற்கும் ஒருமுறை நேரில் பார்த்துவிடலாம் என்று வார்சாவுக்கு டிக்கெட் எடுத்தேன். இதை ராஜம் மாமியிடம் சொன்னது என் புத்திகெட்டதனம். ஆர்.கே.புரத்திலிருந்து மெட்ரோ மாறி மாறி என் கடைக்கே வந்து காப்பிப்பொடி வாங்கும் மாமி. அவர் பெண் வித்யாவும் வார்சாவில்தான் இருக்கிறாள். மாமி அங்கே மலை மந்திர் முருகன் கோயிலில் நாலு பேரிடம் சொன்னார். மறுநாளிலிருந்து, வார்சாவில் பிள்ளையோ பெண்ணோ இருக்கிற அத்தனை பேரும் கடைக்கு வர ஆரம்பித்தார்கள். "கொஞ்சம்தான், இடம் இருந்தா எடுத்துண்டு போங்கோ" என்பார்கள். என்னிடமே வாங்கி, கல்லாவுக்கு மேலேயே என்னிடம் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த வாரம் நடந்த வியாபாரம் அதற்கு முன் எந்த வாரமும் நடந்ததில்லை. எப்படி மறுப்பது, சொல்லுங்கள்.

பேக்கிங்கில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு கவர், நடுவில் செய்தித்தாள், மேலே சுற்றிச் சுற்றி டேப். பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் பெருங்காயத்தை வைத்தாலும் வாசனை ஏறாது. ஒவ்வொரு பொட்டலத்தையும் அப்படிக் கட்டி அடுக்கினேன். என் ஸ்வெட்டரை வெளியே எடுத்தால் இன்னும் ஒரு கிலோ புளி வைக்கலாம் என்றார் மாமி. எடுத்தேன். கடைசியாக ஒரு பாக்கெட் மோர்மிளகாயை நீட்டினார். அதை மட்டும் வாங்க முடியாது, அதில் மாடு இருக்கிறது என்று விவேக் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டேன். மாமி பாக்கெட்டைக் கீழே போட்டுவிட்டார். "சிவ சிவா, இத்தனை நாளா எங்களுக்கு என்னத்தை வித்துண்டிருந்தேள்?"

கண்ணாடி வைத்த கடை

வார்சாவில் செந்தில் வீட்டுக்குப் பக்கத்து மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் ஒரு கடை காலியாக இருந்தது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. செந்திலின் கோட்டைப் போட்டுக்கொண்டு அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். இந்தப் பக்கம் அரிசி, அந்தப் பக்கம் பொடி, நடுவில் அப்பளம் என்று மனதுக்குள் அடுக்கியே விட்டேன். அந்தக் கடை எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. உள்ளே பார்த்துக்கொண்டே, குளிரில் மூக்கு மரத்துப்போகும் வரைக்கும் நின்றேன். செந்தில்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குத் தமிழ்க் குடும்பங்கள் வந்தன. கைதட்டிய அதே ஆட்கள். கல்யாணி கேட்டாளே, பையைத் தூக்கிக்கொண்டு வருவார்களா என்று, தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். நான் பெயர் பார்த்து ஒவ்வொரு பொட்டலமாக எடுத்துக் கொடுத்தேன். எல்லார் பையும் நிறைந்த பிறகு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு கடைப் பேச்சை எடுத்தேன். கட்டாயம் திறக்க வேண்டும் என்றார்கள். எப்போது வாங்க வருவீர்கள் என்று கேட்டேன். வித்யாதான் யோசித்து யோசித்துக் கணக்குப் பார்த்தாள். நான் கொண்டுவந்தது பொங்கல் வரைக்கும் தாங்கும். பொங்கலுக்கு அவள் மாமனார் வருகிறார். சித்திரையில் மாமி வருகிறார். லீவில் இவர்களே தில்லிக்குப் போவார்கள். மற்றவர்கள் வீட்டிலும் இதே கதைதான், ஆட்கள் மட்டும் வேறு.

அவள் மடியிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தேன். என் டேப், என் மடிப்பு. சோலே மசாலா கடைக்காரனை ஒரு கை பார்த்துவிடலாம் என்று வந்தவன் நான். அவன் எனக்குப் போட்டியே இல்லை. எனக்குப் போட்டி மயூர் விஹாரில் கடை வைத்திருக்கும் ஒருத்தன், அவனை ஜெயிக்க என்னால் ஆகாது. வித்யாவுக்கு நல்ல மனசு. நான் வாடிப்போனதைப் பார்த்து அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள்: "நடுவுல ஏதாவது தீர்ந்துபோச்சுன்னா, சத்தியமா உங்க கடைக்குத்தான் வருவோம் அங்கிள்."

எங்கள் டேப்

திரும்பி வரும்போது விமானத்தில் எனக்கு அழுகை வந்தது. கண்ணை மூடினால் அந்தக் கண்ணாடிக் கடைதான். பெட்டி காலியாக வந்தது, நானும் அப்படித்தான் வந்தேன். நான்தான் அப்பவே சொன்னேனே என்று கல்யாணி ஆரம்பிப்பாள், வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று கடைக்குப் போனேன். அவளோ எனக்குக் காப்பியைக் கொடுத்துவிட்டு மேலே கையைக் காட்டினாள். கடை வாசலில் புதிதாக ஒரு அட்டை தொங்கியது. தமிழிலும் இந்தியிலும் கொட்டை எழுத்தில், 'வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல பேக்கிங் செய்து தரப்படும்.' நான் ஊரில் இல்லாதபோது, கனடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்கள் பேக்கிங் கேட்டு வந்து திரும்பிப் போனார்களாம். பத்து நிமிஷக் கம்பெனிக்கு இந்த வேலை தெரியாது. அன்றைக்கே குப்தாஜியிடம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கச் சொல்லிவிட்டேன். அவர் அதற்குள் டப்பாவைத் திறந்துவிட்டிருந்தார்.

மறுவாரம் தீபா இரண்டு பெரிய பையோடு வந்தாள். மாமியார் இங்கிருந்து கனடாவில் இருக்கும் சின்ன மகனிடம் போகிறாராம். எனக்கு வாயெல்லாம் பல். பைகளைக் கல்லா மேல் வைத்தாள். உள்ளே எல்லாம் ஆப்பில் வாங்கிய சாமான். "பேக்கிங் மட்டும் நீங்க பண்ணிக் குடுங்க அங்கிள், நீங்கதான் எக்ஸ்பர்ட்" என்றாள். நான் பழக்கதோஷத்தில் கத்தரிக்கோலைத் தேட ஆரம்பித்துவிட்டேன். கல்யாணி டேப் உருளையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, சிரித்த முகமாகவே சொன்னாள்: "எங்க சாமான்லதாம்மா எங்க டேப் ஒட்டும்."

ஆக, அன்பர்களே, வார்சாவில் என் கடை சக்கைப்போடு போடுகிறது, கல்லாப்பெட்டியும் நானும் மட்டும் மயூர் விஹாரில் இருக்கிறோம்.